கறுப்புக் கொடி ஏறும் நாள்

1912ஆம் ஆண்டு ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. ஸ்வீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டம் நடைபெற்றது. வட ஐரோப்பாவுக்குப் பழக்கமில்லாத வெயில் அன்று. நிழலிலேயே வெப்பம் 32 டிகிரி செல்சியஸை எட்டியதாகக் குறிப்புகள் கூறுகின்றன. ஓடத் தொடங்கிய 68 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இலக்கை அடையவில்லை. அவர்களுள் ஒருவர் போர்ச்சுக்கலைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ லாசரோ. லிஸ்பன் நகரில் வண்டிக் கூண்டுகள் செய்யும் பட்டறையில் வேலை பார்த்த தச்சர். தம் நாடு முதன்முறையாகக் கலந்துகொண்ட ஒலிம்பிக்கில் அதன் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. வெயிலிலிருந்து காத்துக்கொள்ளும் பொருட்டு உடல் முழுவதும் மெழுகு போன்ற ஒரு கொழுப்பைப் பூசிக்கொண்டு அவர் ஓடினார் என்பர். அந்தப் பூச்சு வியர்வையைத் தடுத்தது. ஏறத்தாழ 30ஆவது கிலோமீட்டரில் சரிந்து விழுந்தவர் மறுநாள் காலை இறந்துபோனார். நவீன ஒலிம்பிக்கில் போட்டியின்போது நேர்ந்த முதல் மரணம் இதுவாகும்.

லாசரோவின் பிழை அறியாமையால் நேர்ந்தது. 1912இல் அதைப் பிழையென்று அவருக்கு எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. ஆனால் அவருக்குப் பின் நூறாண்டுகளில் பயிற்சி மைதானங்களில் வெப்பத்தால் இறந்த பள்ளி, கல்லூரி மாணவர்களின் வரலாற்றைப் படிக்கும்போது வேறொரு உண்மை புலப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் இறந்த காலத்தில், அவர்களைக் காப்பாற்றப் போதுமான அறிவு ஏற்கெனவே இருந்தது. அது அச்சாகி, நூலகங்களில் அடுக்கப்பட்டும் இருந்தது. மைதானத்துக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. இந்த இடைவெளியின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

*

முதலில் உடலைப் பற்றிச் சிறிது.

ஓடுகின்ற மனிதனின் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. அந்த வெப்பத்தை இரத்தம் தோலுக்குக் கொண்டுவருகிறது. தோலில் சுரக்கும் வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. 'ஆவியாகும்போது' என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வழிந்து தரையில் சொட்டும் வியர்வையால் குளிர்ச்சி இல்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தாலோ, உடலைத் தடித்த உடைகளும் கவசங்களும் மூடியிருந்தாலோ, வியர்வை சுரந்தும் பயனில்லை. உள்ளே வெப்பம் தேங்குகிறது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைக் கடந்து மூளை தடுமாறத் தொடங்கும் நிலையை மருத்துவர்கள் 'ஹீட் ஸ்ட்ரோக்' என்கின்றனர். தமிழில் இதை 'வெப்பப் பக்கவாதம்' என்று பெயர்ப்பது பொருந்தாது. வெப்பத்தாக்கு என்பதே தகும். பக்கவாதத்தில் மூளையின் இரத்தக் குழாய் அடைபடுகிறது அல்லது வெடிக்கிறது. வெப்பத்தாக்கிலோ மூளை, கல்லீரல், சிறுநீரகம், தசை என யாவும் ஒருங்கே வேகின்றன. எவ்வளவு நேரம் வேகின்றன என்பதைப் பொறுத்தே பிழைப்பதும் இறப்பதும்.

இந்த உடலியலைத் துல்லியமாக ஆராயும் தேவை முதலில் இராணுவத்துக்கே ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் தென்மாநிலப் பயிற்சி முகாம்களில் இளைஞர்கள் போர்முனையைக் காணாமலே வெயிலில் மாண்டனர். அவ்வாறு நேர்ந்த 157 மரணங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1947இல் வெளியானது. அதே ஆண்டு, ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் அடால்ஃபும் அவருடைய குழுவினரும் பாலைநிலத்தில் மனித உடல் இயங்கும் முறை பற்றிய நூலை வெளியிட்டனர். அதன் முடிவுகளில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று: உழைக்கும் மனிதன் தாகத்தை மட்டும் நம்பிக் குடித்தால், வியர்வையில் இழந்ததை உடனுக்குடன் ஈடு செய்வதில்லை. மற்றொன்று: தண்ணீர் இல்லாமல் இயங்குவதற்கு உடலைப் பழக்க முடியாது. வெயிலுக்கு உடல் பழகும், தாகத்துக்குப் பழகாது.

இரண்டாவது முடிவை நினைவில் வைத்துக்கொண்டு, ஏழாண்டுகள் கடந்து டெக்சாஸ் மாநிலத்துக்குச் செல்வோம்.

*

1954 செப்டம்பர். டெக்சாஸ் ஏ அண்டு எம் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் புதிதாகப் பொறுப்பேற்றவர் பால் பிரயண்ட். இளமையில் கரடியோடு மல்யுத்தம் செய்தவர் என்பதால் 'பேர்' பிரயண்ட் என்றே அழைக்கப்பட்டவர். அமெரிக்கக் கால்பந்து என்பது நாம் அறிந்த கால்பந்தன்று. பந்தைக் கையில் ஏந்தி ஒருவர்மீது ஒருவர் மோதி ஆடுவது. தலையில் ஹெல்மெட், தோளிலும் தொடையிலும் தடித்த பட்டைகள் என்று உடலின் பெரும்பகுதியை மூடிக்கொண்டு ஆட வேண்டும். அதற்கான பயிற்சி தொடங்குவதோ கோடையின் உச்சத்தில். வெப்பத்தாக்குக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டை யாரும் திட்டமிட்டுக்கூட உருவாக்கியிருக்க முடியாது.

பிரயண்ட் தம் மாணவர்களைப் பேருந்துகளில் ஏற்றி ஜங்ஷன் என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். டெக்சாஸ் பல்லாண்டு வறட்சியில் காய்ந்துகொண்டிருந்த காலம் அது. கல்லும் முள்ளும் நிறைந்த தரையில் பத்து நாள் பயிற்சி. வெப்பம் 38 டிகிரிக்கு மேல். பயிற்சியின்போது தண்ணீர் இல்லை. ஏறத்தாழ நூறு பேர் சென்ற முகாமில் இறுதிவரை நின்றவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் அளவே. மற்றவர்கள் இரவோடு இரவாக மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினர். ஒரு மாணவர் வெப்பத்தாக்கால் வீழ்ந்து சாவின் விளிம்புவரை சென்று மீண்டார்.

அவ்வாண்டு அந்த அணி பத்து ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றது. ஆனால் 1956இல் அதே அணி வட்டாரப் பட்டத்தை வென்றது. உடனே ஜங்ஷன் ஒரு காவியமாயிற்று. இறுதிவரை நின்றவர்கள் வீரர்களாகப் போற்றப்பட்டனர். 1999இல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் 2002இல் ஒரு தொலைக்காட்சிப் படமும் வெளிவந்தன. பிரயண்ட் பிற்காலத்தில் அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆறு தேசியப் பட்டங்களை வென்று, தம் துறையின் பெரும்புள்ளியாக 1983இல் மறைந்தார்.

இலக்கியம் பயின்றவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். இந்தக் கதையைச் சொன்னவர்கள் யார்? திரும்பி வந்தவர்கள். கதை எப்போதும் பிழைத்தவன் வாயிலிருந்தே வருகிறது. 'நாங்கள் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் பயிற்சி எடுத்தோம். எங்களுக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்பவர் உயிரோடு இருக்கிறார்; அதனால்தான் அவரால் கேட்க முடிகிறது. ஒன்றும் ஆகாதவர்களின் சாட்சியம் மட்டுமே அடுத்த தலைமுறைக்குச் சென்று சேர்கிறது. அந்தச் சாட்சியத்தைக் கேட்டு வளர்ந்த மாணவன் நாளை பயிற்சியாளர் ஆகிறான். தான் பட்டதை அன்போடு தன் மாணவர்களுக்கும் வழங்குகிறான். தண்ணீர் மறுத்த பயிற்சியாளர்களுள் பெரும்பாலோர் கொடியவர்கள் அல்லர் என்பதே இந்த வரலாற்றின் துயரம். தண்ணீர் வயிற்றைக் கலக்கும், தசையைத் தளர்த்தும், மன உறுதியைக் குலைக்கும் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். உப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரை மறுத்தவர்களும் உண்டு. பசித்தவனுக்கு ஊறுகாயைத் தந்து சோற்றை மறுத்தது போல.

*

ஜங்ஷன் முகாம் நடந்து இரண்டே ஆண்டுகளில், அதே நாட்டின் மற்றொரு மூலையில், வெயிலை எதிர்கொள்ள முற்றிலும் வேறான ஒரு வழி உருவாகிக்கொண்டிருந்தது. தென் கரோலினா மாநிலக் கடற்கரையில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினருக்கான பயிற்சித் தளம் ஒன்று உள்ளது. பாரிஸ் ஐலண்ட் என்பது அதன் பெயர். பிரான்ஸின் தலைநகருக்கும் இதற்கும் தொடர்பில்லை. சதுப்பு நிலம், கோடையில் ஈரமும் வெப்பமும் கூடிப் புழுங்கும் இடம். பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் ஆண்டுதோறும் அங்கே வெப்பத்தால் வீழ்ந்தனர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கான்ஸ்டன்டின் யாக்லூவும் கடற்படை மருத்துவர் டேவிட் மினார்டும் அங்கே ஆய்வு செய்து 1957இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர்.

அவர்கள் எழுப்பிய வினா எளியது: 'இன்று எத்தனை டிகிரி?' என்று கேட்பது போதுமா? போதாது என்பதே விடை. நிழலில் தொங்கும் வெப்பமானி காற்றின் சூட்டை மட்டுமே சொல்கிறது. வெயிலில் நிற்பவன்மீது சூரியக் கதிர் விழுகிறது. தரையிலிருந்து அனல் எழுகிறது. காற்றின் ஈரம் அவன் வியர்வையை உலரவிடாமல் தடுக்கிறது. எனவே அவர்கள் மூன்று வெப்பமானிகளைப் பயன்படுத்தினர். முதலாவது, குமிழில் ஈரத்துணி சுற்றி வெளியில் வைக்கப்பட்டது. வியர்வை எந்த அளவுக்கு ஆவியாக முடியும் என்பதை அது காட்டும். இரண்டாவது, கறுப்பு வண்ணம் பூசிய செப்பு உருண்டைக்குள் வைக்கப்பட்டது. வெயிலின் கதிர்வீச்சை அது காட்டும். மூன்றாவது, சாதாரண வெப்பமானி. முதலாவதற்குப் பத்தில் ஏழு பங்கு, இரண்டாவதற்கு இரண்டு பங்கு, மூன்றாவதற்கு ஒரு பங்கு எனக் கணக்கிட்டுக் கூட்டினால் கிடைக்கும் எண்ணே ஈரக்குமிழ்–கோள வெப்பக் குறியீடு.

இந்தக் கணக்கின் நுட்பம் ஓர் எடுத்துக்காட்டால் விளங்கும். உள்நாட்டு நகரம் ஒன்றில் வெப்பம் 40 டிகிரி; வறண்ட காற்று; ஈரக்குமிழ் 24, கறுப்பு உருண்டை 50 எனக் கொள்வோம். குறியீடு 30.8. கடற்கரை நகரம் ஒன்றில் வெப்பம் 35 டிகிரிதான். ஆனால் ஈரக்குமிழ் 29, உருண்டை 45. குறியீடு 32.8. வானிலை அறிக்கையில் ஐந்து டிகிரி குறைவாக உள்ள நகரமே ஓடுபவனுக்கு அதிக ஆபத்தானது. 'இன்று வெயில் அவ்வளவு இல்லையே, புழுக்கம்தான்' என்று நாம் சொல்லும் நாள்தான் உண்மையில் அஞ்ச வேண்டிய நாள்.

யாக்லூவும் மினார்டும் கண்ட குறியீடு வெறும் எண்ணாக நின்றுவிடவில்லை. முகாமில் அது கொடியாக ஏறியது. பச்சைக் கொடி எனில் கவனம். மஞ்சள் எனில் புதியவர்களுக்குக் கடும் பயிற்சி குறைப்பு. சிவப்பு எனில் வெயிலுக்குப் பழகாதவர்களுக்குப் பயிற்சி நிறுத்தம். கறுப்பு எனில் எல்லோருக்கும் கடும் பயிற்சி நிறுத்தம். வெப்பத்தால் வீழ்வோர் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. இதில் ஆழ்ந்த ஒரு சமூகப் பொருள் உண்டு என்று கருதுகிறேன். கொடி ஏறிய பின், 'முடியவில்லை' என்று எந்த இளைஞனும் தன் வாயால் சொல்ல வேண்டியதில்லை. சொல்லத் துணிவில்லாத பதினெட்டு வயதுச் சிறுவனுக்காகக் கம்பத்தில் ஒரு துணி பேசுகிறது. அதிகாரிக்கும் மானக்குறைவு இல்லை. அவர் இரங்கவில்லை, விதியைப் பின்பற்றுகிறார். கருணையைத் தனிமனித குணத்திலிருந்து பிரித்து ஒழுங்குமுறை ஆக்கியதே இதன் வெற்றி.

ஆயினும் போர்வீரனுக்குக் கிடைத்த இந்தக் கொடி பள்ளி மாணவனை வந்தடைய அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. ஜார்ஜியா மாநில உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம், மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வைத் தொடர்ந்து, 2012இல்தான் இக்குறியீட்டின் அடிப்படையில் விதிகளை வகுத்தது. குறியீடு 92 டிகிரி ஃபாரன்ஹீட்டைக் கடந்தால், அதாவது ஏறத்தாழ 33.3 டிகிரி செல்சியஸைக் கடந்தால், வெளியில் பயிற்சியே கூடாது. அதற்குச் சற்றுக் கீழே எனில் ஒரு மணி நேரம் மட்டும். அதுவும் கவசங்கள் இன்றி.

*

இடையில் தண்ணீரின் கதை வேறொரு திருப்பம் கண்டது. 1965இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக அணியின் துணைப் பயிற்சியாளர் ஒருவர் சிறுநீரக மருத்துவரான ராபர்ட் கேடிடம் ஒரு வினா எழுப்பினார்: ஆட்டத்தின்போது என் பையன்கள் ஏன் சிறுநீர் கழிப்பதே இல்லை? பதிலை ஆராய்ந்த கேடும் நண்பர்களும் உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் ஒன்றைத் தயாரித்தனர். வாயில் வைக்க முடியாத சுவை. எலுமிச்சைச் சாறு பிழியலாம் என்று யோசனை சொன்னவர் கேடின் மனைவி. அணியின் பெயரான 'கேட்டர்ஸ்' என்பதிலிருந்து அப்பானம் 'கேட்டரேட்' ஆயிற்று. 1967 ஜனவரியில் ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் அந்த அணி வென்றதும் பானத்தின் புகழ் நாடெங்கும் பரவியது. நம் வீடுகளில் வெயிலுக்குத் தரும் உப்பிட்ட எலுமிச்சைச் சாற்றுக்கும் நீர்மோருக்கும் அறிவியல் உறவினன் என்று அதைச் சொல்லலாம்.

இங்கே ஒன்று நினைக்கத்தக்கது. அடால்ஃபின் நூலால் நகராத பயிற்சியாளர்களை ஒரு வெற்றி நகர்த்தியது. 'தண்ணீர் தராவிட்டால் மாணவன் இறப்பான்' என்ற வாதம் செல்லவில்லை. 'தந்தால் நான்காம் கால்பகுதியில் ஜெயிப்பான்' என்ற வாதம் சென்றது.

பின்னர் ஊசல் மறுபுறம் ஆடியது. தாகம் எடுக்கும் முன்பே குடி, முடிந்தவரை குடி என்ற அறிவுரைகள் பெருகின. மிகுந்த நீர் இரத்தத்தின் சோடியத்தை நீர்க்கச் செய்து மூளையை வீங்கச் செய்யும் என்பது 1980களில் மருத்துவ இதழ்களில் பதிவாயிற்று. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது அவர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. 2014இல் ஜார்ஜியா மாநிலப் பள்ளி மாணவர் ஒருவர், தசைப்பிடிப்பைத் தவிர்க்க அளவுக்கு மீறிக் குடித்த நீராலும் பானத்தாலும் இறந்தார். தண்ணீரை மறுப்பதும் திணிப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டிலும் அந்த உடலுக்குரியவனின் சொல் கேட்கப்படுவதில்லை.

*

ஜப்பானிலும் இதே கதை தன் போக்கில் நடந்தது. பயிற்சியின்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது அந்நாட்டுப் பள்ளி விளையாட்டுக் கழகங்களில் நெடுங்காலம் எழுதப்படாத சட்டம். ஜப்பான் விளையாட்டுச் சங்கத்தின் வெப்பத்தாக்குத் தடுப்புக் கையேடு 1994இல் வந்தது. குறியீடு 31 டிகிரியை எட்டினால் உடற்பயிற்சியைக் கொள்கையளவில் நிறுத்த வேண்டும் என்பது அதன் வரையறை. ஆயினும் ஆகஸ்டு வெயிலில் கோஷியென் மைதானத்தில் நடைபெறும் தேசிய உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டி, வெயிலில் வாடும் இளமையின் அழகாகவே கொண்டாடப்பட்டு வந்தது. 2023இல்தான் ஐந்தாம் இன்னிங்ஸ் முடிவில் பத்து நிமிடக் குளிர்ச்சி இடைவேளை வந்தது. 2024இல் முதல் மூன்று நாள்களுக்கு ஆட்டங்களைக் காலை, மாலை எனப் பிரித்து நண்பகலை விட்டுவிட்டனர்.

நேரத்தை மாற்றும் இந்த உபாயம் தமிழ் வாசகருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரியிறுத்த காதையில், கண்ணகி கோடை வெயிலைத் தாங்கமாட்டாள் என்பதால் பகலை விடுத்து நிலவொளியில் நடக்கலாம் என்று கோவலன் கவுந்தியடிகளிடம் கூறுகிறான். தன் வாழ்வில் பல தவறுகள் செய்தவன் அந்த ஒன்றைச் சரியாகச் செய்தான்.

ஜப்பானிலிருந்து சொல்ல வேண்டிய மற்றொரு செய்தி வெயிலைப் பற்றியதன்று, இடியைப் பற்றியது. 1996 ஆகஸ்டு 13 அன்று ஒசாகா மாவட்டத்தின் தகாட்சுகி நகரில் பள்ளிக் கால்பந்துப் போட்டி நடந்துகொண்டிருந்தது. மழை ஓய்ந்திருந்தது, தொலைவில் கருமேகம், இடியோசையும் கேட்டது. ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் மின்னல் ஒரு மாணவனைத் தாக்கியது. அவன் பிழைத்தான்; ஆனால் பார்வையையும் உடலின் இயக்கத்தையும் பெரிதும் இழந்தான். வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. தொலைவில் இடி கேட்டால் ஆபத்தில்லை என்றே சாதாரணமாக எல்லோரும் நினைக்கிறார்கள், ஆசிரியரும் அவ்வாறே நினைத்தார் என்பது எதிர்த்தரப்பின் நியாயம். 2006 மார்ச் 13 அன்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இடி கேட்கும் தொலைவே மின்னல் தாக்கும் தொலைவு என்பது அச்சில் வந்த நூல்களில் தெளிவாக இருக்கிறது. மாணவர்களை அழைத்துச் செல்பவர் அதை அறிந்திருக்க வேண்டும். பொதுப் புத்தி ஒரு சாக்காகாது என்பதே தீர்ப்பின் சாரம். 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளித் தரப்பும் போட்டி நடத்திய தரப்பும் இழப்பீடு தர ஆணையிட்டது. இக்கட்டுரையின் தொடக்கத்தில் குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒரு நீதிமன்றம் பெயர் சூட்டிய தருணம் இது. நூலில் இருப்பதை ஆசிரியர் அறியாமலிருப்பது துரதிர்ஷ்டம் அன்று, கடமைத் தவறு.

*

மீண்டும் அமெரிக்கா. 2001 ஜூலை 31 அன்று, மின்னசோட்டா வைக்கிங்ஸ் என்னும் தொழில்முறை அணியின் பயிற்சி முகாமில் கோரி ஸ்டிரிங்கர் சரிந்தார். 150 கிலோவுக்கும் மேற்பட்ட உடல். முந்தைய நாளும் பயிற்சியை முடிக்க முடியாமல் வெளியேறியவர். மருத்துவமனையில் அவர் உடல் வெப்பம் 42 டிகிரிக்கு மேல் இருந்தது. மறுநாள் விடியுமுன் இறந்தார். செல்வமும் மருத்துவரும் சூழ்ந்த ஒரு நட்சத்திர வீரருக்கே இந்நிலை எனில் பள்ளிச் சிறுவர்களின் கதி என்ன என்ற கேள்வி எழுந்தது. 2003இல் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் அமைப்பு ஐந்து நாள் பழக்கக் காலத்தைக் கட்டாயமாக்கியது: முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், அடுத்த இரண்டு நாள் தோள் பட்டைகளும் சேர்த்து, ஐந்தாம் நாள்தான் முழுக் கவசம், நாளொன்றுக்கு ஒரே பயிற்சி. 2009இல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு 14 நாள் பழக்கக் கால நெறிமுறைகள் வந்தன. இதன் அடிப்படை எளியது. பத்துப் பதினான்கு நாள்களில் உடல் வெயிலுக்குப் பழகுகிறது: இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரம் சுரக்கிறது, அதில் உப்பு குறைகிறது. மரணங்கள் பருவத்தின் முதல் சில நாள்களில் குவிவதன் காரணம் இதுவே.

2008 ஆகஸ்டில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் பதினைந்து வயது மாணவன் ஒருவன் பயிற்சி ஓட்டத்தில் வீழ்ந்து மூன்று நாள்களில் இறந்தான். அமெரிக்க வரலாற்றில் அரிதாக, பயிற்சியாளர்மீது குற்றவியல் வழக்குத் தொடரப்பட்டது. 2009 செப்டம்பரில் அவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். ஆனால் வழக்கு வேறொன்றைச் செய்தது. தங்களுக்குச் சொல்லித் தரப்படாத ஒன்றுக்குத் தாங்கள் கூண்டில் நிற்கக்கூடும் என்பதைப் பயிற்சியாளர்கள் முதன்முறையாக உணர்ந்தனர். அதே ஆண்டு அம்மாநிலம் பள்ளிப் பயிற்சியாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சியைச் சட்டமாக்கியது.

2010இல் ஸ்டிரிங்கரின் பெயரால் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் தலைவர் டக்ளஸ் காஸா, 1985இல் தம் பதினாறாம் வயதில் பஃபலோ நகரில் பத்து கிலோமீட்டர் ஓட்டப் போட்டியில் வெப்பத்தாக்கால் வீழ்ந்து உயிர் மீண்டவர். பிழைத்தவன் சொல்லும் கதை பற்றி முன்னர் குறிப்பிட்டேன். பிழைத்தவர் அதை வேறுவிதமாகவும் சொல்லலாம் என்பதற்கு இவர் சான்று. 'எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று அவர் சொல்லவில்லை. 'நான் ஏன் பிழைத்தேன்?' என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை பனிக்கட்டி நிரம்பிய தொட்டி. முற்காலத்தில் குளிர்ந்த நீர் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும் என்று மருத்துவர்களே அஞ்சினர். அனுபவம் அதைப் பொய்யாக்கியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் நடைபெறும் ஃபால்மவுத் சாலை ஓட்டத்தின் 18 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த கட்டுரை, அங்கே வெப்பத்தாக்குக்கு ஆளான 274 பேரும் பிழைத்தனர் என்று காட்டியது. இறந்தவர் எவரும் இல்லை. அங்கே ஓட்ட எல்லையிலேயே தொட்டிகள் தயாராக இருந்தன. வீழ்ந்தவரை மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே கழுத்துவரை குளிர்ந்த நீரில் இறக்கினர். 'முதலில் குளிர்ச்சி, பிறகே பயணம்' என்பது இன்று இத்துறையின் மூல விதி. அரை மணி நேரத்துக்குள் உடல் வெப்பம் 40 டிகிரிக்குக் கீழ் இறங்கிவிட்டால் ஏறத்தாழ எல்லோரும் பிழைக்கிறார்கள்.

இதையெல்லாம் அறிந்த பிறகு 2018ஆம் ஆண்டைப் படிப்பது கடினமாகிறது. மே 29 அன்று மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் 19 வயது மாணவர் ஜோர்டான் மெக்நேர், 110 கஜ ஓட்டங்களைப் பத்து முறை ஓடும் பயிற்சியில் தள்ளாடினார். அவரது உள்வெப்பம் அளக்கப்படவில்லை. குளிர்நீரில் இறக்கப்படவில்லை. அறிகுறிகள் தோன்றியதற்கும் ஆம்புலன்ஸ் புறப்பட்டதற்கும் இடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிந்ததாகப் பல்கலைக்கழகமே அமைத்த விசாரணை கண்டறிந்தது. ஜூன் 13 அன்று அவர் இறந்தார். ஆகஸ்டில் பல்கலைக்கழகத் தலைவர் சட்டப்படியும் அறப்படியும் பொறுப்பு தங்களுடையதே என்று ஒப்புக்கொண்டார். அக்டோபர் இறுதியில் தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். தொட்டிக்கு ஆகும் செலவு ஒரு ஹெல்மெட்டின் விலையைவிட அதிகமிராது.

*

வெயிலோடு முடிவதன்று மைதானத்தின் அபாயம். இதயம் திடீரென நின்றுவிடுவதும் உண்டு. 1982 முதல் இத்தாலியில் போட்டி விளையாட்டில் ஈடுபடுவோர் இதய மின்பதிவு எடுத்துச் சான்று பெறுவது சட்டப்படி கட்டாயம். அதன் பின் வெனெட்டோ வட்டாரத்தில் இளம் வீரர்களின் திடீர் இதய மரண விகிதம் 89 விழுக்காடு குறைந்ததாக 2006இல் ஓர் ஆய்வு காட்டியது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் உயிரற்று விழுந்த டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், நெஞ்சை அழுத்தியதாலும் உடனடி மின்னதிர்ச்சியாலும் பிழைத்து மறு ஆண்டே ஆட வந்தார். இதயம் நின்றபின் மின்னதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏழு முதல் பத்து விழுக்காடு குறைக்கிறது. ஆகவே கருவி தலைமையாசிரியர் அறையின் பூட்டிய அலமாரியில் இருந்தால், அது இல்லாததற்குச் சமம். யார் நெஞ்சை அழுத்துவது, யார் கருவியைக் கொண்டு வருவது, யார் தொலைபேசியில் அழைப்பது, எந்த வாயில் வழியாக ஆம்புலன்ஸ் நுழைவது, அந்த வாயிலின் சாவி யாரிடம் என்பனவற்றை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, ஆண்டுக்கொருமுறை ஒத்திகை பார்த்தால் போதும். மிகச் சாதாரணமான காரியம். சாதாரணமாக இருப்பதாலேயே அது செய்யப்படாமல் விடப்படுகிறது.

நம் பள்ளி, கல்லூரி மைதானங்களில் ஒரு மாணவன் வெயிலில் மயங்கி விழுந்தால் நடப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். சுற்றிலும் கூட்டம் கூடிக் காற்றை மறைக்கும். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பார். ஒருவர் சோடா வாங்க ஓடுவார். வலிப்பு கண்டால் யாரேனும் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார். எல்லாம் அன்பினால் செய்யப்படுவனவே. ஆனால் பேச்சுக் குழறினாலோ நிலை தடுமாறினாலோ அது சாதாரண மயக்கம் அன்று என்பதும், முகத்தில் அன்று, உடல் முழுவதும் குளிர்ந்த நீர் வேண்டும் என்பதும், தொட்டி இல்லையேல் குழாயடியும் வாளியும் ஐஸ்கட்டியும் ஈரத்துண்டும் உதவும் என்பதும், நினைவு தெளியாதவன் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? உடற்பயிற்சி ஆசிரியருக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. விளையாட்டு விழா நாளில் மைதானத்தில் நிற்கும் தமிழாசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வரலாற்றில் மனிதர்களை மாற்றியவை மூன்று: வெற்றி, வழக்கு, மரணம். கேட்டரேட்டை ஒரு வெற்றி பரப்பியது. இடியைப் பற்றிய அறிவை ஒரு வழக்கு நிலைநாட்டியது. பழக்கக் கால விதிகளை மரணங்கள் எழுதின. நூல் மட்டும் தனியே எதையும் மாற்றியதாகத் தெரியவில்லை. எழுத்தை நம்பி வாழும் நமக்கு இது சற்றுக் கசப்பான செய்திதான். ஆனால் பாரிஸ் ஐலண்டில் அறிவு நூலிலிருந்து இறங்கிக் கம்பத்தில் ஏறியது. எழுதப் படிக்காதவனும் அண்ணாந்து பார்த்துப் புரிந்துகொள்ளும் நிறமாயிற்று. நம் மைதானங்களில் தேசியக் கொடிக்கும் பள்ளிக் கொடிக்கும் கம்பங்கள் இருக்கின்றன. அருகில் இன்னொரு சிறு கம்பத்துக்கு இடம் இல்லாமல் போகாது.